செகண்ட் ஹேண்ட் லெஸ் பால் வாங்கப் போகிறீர்களா? முதலில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

செகண்ட் ஹேண்டில் லெஸ் பால், அதாவது அமெரிக்கக் கிப்சன் கம்பெனியின் எலக்ட்ரிக் கிட்டார், வாங்க நினைப்பவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கிட்டாரை சோபாவில் சாய்த்து வைத்து, முன்பக்கம் மட்டும் எடுத்தது. கீழே "அண்ணா, ஒரிஜினலா?" என்று ஒரு வரி. அந்தப் படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. போலி செய்கிறவர்கள் பாடுபடுவதே அந்த ஒரு படத்துக்காகத்தான். சன்பர்ஸ்ட் நிறம், மேப்பிள் மரத்தின் வரிகள், ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதியில் பளபளக்கும் கிப்சன் பெயர், நாலு பொன்னிற நாப் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். காசை மிச்சம் பிடிப்பது படத்தில் விழாத இடங்களில்: கழுத்தை நேராக வைக்கும் உள்கம்பியான ட்ரஸ் ராடின் மூடிக்கு அடியில், பின்பக்கப் பிளாஸ்டிக் தகட்டுக்கு உள்ளே, உடலில் ஸ்ட்ரிங்குகளை ஏந்தும் பிரிட்ஜைத் தாங்கும் தண்டில், கழுத்து மரத்தின் ஒட்டில். நாம் பார்க்க வேண்டியதும் அங்கேதான்.

நான் வடபழனிப் பக்கம் கிட்டார் செட்டப், கழுத்தின் குறுக்கே பதிக்கும் ஃபிரெட் கம்பி வேலை, வயரிங் செய்து பிழைக்கிறவன். "ஆறாவது ஃபிரெட்ல ஸ்ட்ரிங் உரசி பஸ் அடிக்குது, கொஞ்சம் பாருங்க" என்று கொண்டு வந்து தருவார்கள். திறந்து பார்த்தால் பஸ் சின்ன விஷயம், கிட்டாரே வேறு என்று தெரியும். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியவரிடம் அதைச் சொல்வது சங்கடமான வேலை. வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் லாபம்.

இது எவ்வளவு பெரிய தொழில் என்பதற்கு ஒரு கணக்கு. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகத்தில் 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்சன் கிட்டார்களைப் பிடித்ததாக அறிவித்தது. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. அசலாக இருந்திருந்தால் மதிப்பு 1.8 கோடி டாலரைத் தாண்டியிருக்கும். சொந்த ஊரிலேயே இந்தக் கதி என்றால், அசல் கிட்டாரை அதிகம் பேர் கையில் தொட்டே பார்க்காத நம் ஊரில் ஏமாற்றுவது இன்னும் சுலபம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனாவில் செய்த கிட்டார் என்றாலே போலி என்று நினைக்காதீர்கள். கிப்சனின் சொந்தத் தம்பி பிராண்டான எபிஃபோன் பெரும்பாலும் சீனாவில்தான் தயாராகிறது. நல்ல கிட்டார், கொடுக்கிற காசுக்கு நியாயமான வேலை. அதேபோல் நம் நாட்டில் 'கிவ்சன்' என்ற பெயரில் நெடுங்காலமாக விலை மலிவான கிட்டார்கள் விற்கின்றன. முதல் ஜி கார்டை அதில் பிடித்தவர்கள் நிறைய. பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் லட்ச ரூபாய்க்கு விற்பதில்லை. நான் பேசுவது ஹெட்ஸ்டாக்கில் கிப்சன் என்றே எழுதி, பின்னால் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று பொய்யாகக் குத்தி, அசல் விலைக்குப் பக்கத்தில் கேட்கிற கிட்டார்களைப் பற்றி.

போய்ப் பார்ப்பதற்கு முன்

விற்கிறவரிடம் முன்பக்கப் படம் கேட்காதீர்கள், அது ஏற்கெனவே இருக்கிறது. ட்ரஸ் ராட் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு படம். பின்பக்கப் பெரிய தகட்டைக் கழற்றி வயரிங் ஒரு படம். ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி. பிரிட்ஜ், பக்கவாட்டிலிருந்து கிட்டத்தில். இவற்றில் ஏதாவது ஒன்றில் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டும் சேர்ந்து இருக்கட்டும். இணையத்திலிருந்து வேறு யாருடைய கிட்டார் படத்தையோ எடுத்துப் போடுகிறவர்கள் அந்தச் சீட்டிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். "டூப்ளிகேட் இல்லையே?" என்று ஆரம்பித்தால் எந்த நேர்மையான ஆளுக்கும் கோபம் வரும். "ப்ரோ, ட்ரஸ் ராட் எவ்ளோ திருகியிருக்குன்னு பாக்கணும், மூடியக் கழட்டி ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்று கேளுங்கள். வாங்குகிற யாரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. இரண்டு சின்ன ஸ்க்ரூ, அரை நிமிட வேலை. அதற்குப்போய் "கழட்டினா வாரன்டி போயிடும்", "கம்பெனி சீல் பண்ணது", "எங்கிட்ட ஸ்க்ரூடிரைவர் இல்ல" என்று ஒரு வாரம் இழுத்தால் நீங்கள் போக வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப்பட்ட சீல் எதுவும் கிப்சனில் கிடையாது.

விலை பேசும். புது லெஸ் பால் ஸ்டாண்டர்டு இந்தியாவில் இரண்டு லட்சத்தைத் தாண்டித்தான் விற்கிறது. அதை யாராவது நாற்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்றால், துபாய் மாமா, வெளிநாடு போகும் அவசரம், கல்யாணச் செலவு என்று கூடவே ஒரு கதையும் வரும். கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அசல் லெஸ் பாலை வைத்திருப்பவருக்கு அதன் விலை தெரியாமல் இருப்பது அபூர்வம். அதைவிட ஆபத்தானது ஒரு லட்சம், ஒன்றே கால் லட்சம் என்று கேட்கிற போலி. விலை நியாயமாகத் தெரிவதால் சந்தேகமே வராது.

ட்ரஸ் ராட் மூடி

ஹெட்ஸ்டாக்கில், ஸ்ட்ரிங்குகள் உட்கார்ந்து போகும் சின்னக் கட்டைக்கு மேலே, மணி வடிவில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இது. முதலில் அதன் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். அசல் லெஸ் பாலில் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. மூன்று இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். பழைய எபிஃபோன்களில் மூன்று ஸ்க்ரூ மூடி இருந்தது. பல போலிகள் அதைப் பார்த்துச் செய்தவை, அல்லது அதே மாதிரி உதிரி பாகத்தைப் போட்டவை.

இப்போது கழற்றுங்கள். அசலில் ஒரு பித்தளை நிற அறுகோண நட்டு, மரை போட்ட கம்பியின் முனையில் உட்கார்ந்திருக்கும். அளவு 5/16 அங்குலம். அதைத் திருக நீளமான குழாய் ஸ்பேனர் வேண்டும். போலியில் அந்த இடத்தில் ஓர் உருண்டைத் தலை, அதன் நடுவில் ஆலன் கீ போடுகிற அறுகோணக் குழி. அசலில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்துத் திருகுகிறோம், போலியில் உள்ளே குழிக்குள் விட்டுத் திருகுகிறோம். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் செர்ரி சன்பர்ஸ்ட் லெஸ் பால் ஒன்றைக் கொண்டு வந்தான். கழுத்து முன்னால் வளைந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங் எட்டாத உயரத்தில் நின்றது. பெட்டியைத் திறந்ததும் அழகாகத்தான் இருந்தது, வரிகள் புலித்தோல் போல ஓடின. மூடியில் இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் இரண்டும் சரியாக மையத்தில் இல்லை. மேலே உள்ளது ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. கழற்றினேன். உள்ளே ஆலன் குழி. அதைச் சுற்றி மரத்தைக் குடைந்த இடம் ஒழுங்கில்லாமல், ஓரமெல்லாம் பிசிறு. அந்தப் பிசிறின் மேலேயே கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். ஆலன் கீயைப் போட்டு மெல்லத் திருகினேன். அது பாட்டுக்குச் சுற்றியது. பிடிக்கவே இல்லை. உள்ளே கம்பி எங்கோ விட்டுப்போயிருந்தது. சென்னை ஈரத்தில் வளைந்த கழுத்தை நிமிர்த்த அந்தக் கிட்டாருக்கு வழியே இல்லை. பெயரை மறந்துவிட்டு வாசிக்கலாமே என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். பெயரில் பொய் சொல்கிறவர்கள் உள்ளிருக்கும் கம்பியிலும் பொய்தான் சொல்லியிருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆலன் குழி இருந்தால் அது லெஸ் பால் இல்லை என்று நான் துணிந்து சொல்வேன். பித்தளை நட்டு இருந்தால் அசல் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கவனமாகச் செய்கிற போலிகள் இப்போது நட்டையும் போட ஆரம்பித்துவிட்டன. இந்தச் சோதனை தள்ளுவதற்கு மட்டும்தான் உதவும், எடுப்பதற்கு உதவாது. கீழே சொல்பவையும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம்

கிட்டாரைத் திருப்பி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அசல் லெஸ் பாலின் கழுத்து ஒரே மஹோகனிக் கட்டையிலிருந்து செதுக்கியது. ஹெட்ஸ்டாக்கின் அகலத்துக்காக மட்டும் இரண்டு ஓரத்திலும் மெல்லிய துண்டு ஒட்டியிருப்பார்கள். அதனால் நீளவாக்கில், ஓரத்தை ஒட்டி இரண்டு மெல்லிய கோடு தெரியலாம். அது நல்ல அறிகுறி. 1970-களில் செய்தவற்றில் கழுத்தே மூன்று துண்டாக நீளவாக்கில் ஒட்டியது, ஹெட்ஸ்டாக் சேரும் இடத்தில் பின்னால் ஒரு புடைப்பும் இருக்கும், அதுவும் அசல்தான்.

கூடாதது குறுக்குவாட்டில் போகிற கோடு. மலிவான கிட்டார்களில் ஹெட்ஸ்டாக்கைத் தனியாகச் செய்து சாய்வாக வெட்டிக் கழுத்தோடு ஒட்டுவார்கள், மரம் மிச்சமாகும் என்பதால். அந்த ஒட்டு மோசமான வேலை கிடையாது, எத்தனையோ நல்ல கிட்டார்களில் உண்டு. கிப்சன் லெஸ் பாலில் மட்டும் கிடையாது. அடர்த்தியான நிறம் பூசி மறைத்திருந்தால் பக்கவாட்டில் பாருங்கள், மர இழையின் திசை சட்டென்று மாறும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அசல் லெஸ் பால்களுக்கு ஹெட்ஸ்டாக் உடைவது பிறவி நோய். 17 டிகிரி பின்னால் சாய்ந்த தலை, அதன் அடியிலேயே ட்ரஸ் ராடுக்காகக் குடைந்த பள்ளம். கீழே ஒருமுறை விழுந்தால் போதும். ஒட்டிச் சரிசெய்த அசல் கிட்டாரிலும் அங்கே கோடு இருக்கும். தலையைத் தனியாகச் செய்து ஒட்டியதன் கோடு நேராக, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் முடியும். உடைந்த கோடு கோணல்மாணலாகப் போகும், சுற்றிலும் புதிதாக அடித்த பூச்சு கொஞ்சம் வேறு பளபளப்பில் தெரியும். உடைந்து ஒட்டியது போலி ஆகாது, ஆனால் விலை வெகுவாக இறங்க வேண்டும். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்க எந்தக் குறையும் இருக்காது. குறைந்த விலைக்கு அசல் வேண்டும் என்கிறவர்களை நானே அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன்.

சீரியல் நம்பர்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில்தான் பார்ப்பேன். அசல் கிட்டார் ஒன்றின் எண்ணை அப்படியே எடுத்து நூறு போலிகளில் குத்திவிடலாம், குத்தவும் செய்கிறார்கள். எண்ணை அப்படியே கூகுளில் போட்டுப் பாருங்கள். வேறு நிறத்தில் வேறு நாட்டில் அதே எண்ணோடு ஒரு கிட்டார் வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

ஆனாலும் எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் சோம்பேறிப் போலிகள் இதிலேயே விழுந்துவிடும். 1977 முதல் எட்டு இலக்கம். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்து வருடம். நடுவில் உள்ள மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று அன்றைய வரிசை எண். உதாரணமாக 90518321 என்றால் 9-ம் 8-ம் சேர்ந்து 1998; 051 என்றால் ஐம்பத்தொன்றாவது நாள், அதாவது பிப்ரவரி 20. நடு மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் அப்படி ஒரு நாளே இல்லை. 2005-ல் ஒன்பதாவது இலக்கம் ஒன்று சேர்ந்தது. 2014 மாடல்களில் 14, அடுத்த வருடம் 15 என்று வருடத்தோடு தொடங்கும் வேறு முறை வந்து, சில ஆண்டுகள் ஓடிவிட்டு, மறுபடி பழைய முறைக்கே திரும்பினார்கள். 1994 கிப்சனுக்கு நூறாவது ஆண்டு. அந்த வருடக் கிட்டார்கள் பலவற்றில் எண் 94 என்றே தொடங்கும்.

எண்ணைவிட அது எப்படிப் பதிந்திருக்கிறது என்பது அதிகம் சொல்லும். அசலில் மரத்தில் அழுத்திக் குத்திய பிறகுதான் பூச்சு அடிக்கிறார்கள். எனவே இலக்கத்தின் விளிம்பு மழுங்கி, பூச்சு உள்ளே இறங்கியிருக்கும். பல போலிகளில் பூச்சுக்கு மேலே குத்தியிருப்பார்கள். விளிம்பு கூர்மையாக, சில இடத்தில் பூச்சு உடைந்து வெள்ளையாகத் தெரியும். மையில் எழுதிய எண் என்றால் உடனே போலி என்று சொல்லிவிட வேண்டாம். லெஸ் பால் கிளாசிக் மாடலிலும், கிப்சனின் தனிப் பட்டறையான கஸ்டம் ஷாப் பழைய மாடல்களைப் போலவே திரும்பச் செய்யும் ரீஇஷ்யூ கிட்டார்களிலும் மையில் போட்ட எண்தான் இருக்கும்.

பின்பக்கத் தகட்டுக்கு உள்ளே

எனக்கு ஒரே ஒரு இடம்தான் பார்க்க அனுமதி என்றால் நான் கேட்பது இதை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் நாப்களுக்கு அடியில் உள்ள வட்டப் பாகங்களான வால்யூம், டோன் பாட்கள் நாலும் தெரியும். அசலில் பாட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயம் அகலம், சுமார் 24 மில்லிமீட்டர். போலியில் 16 மில்லிமீட்டர் குட்டிப் பாட். அசலில் பெரும்பாலும் சி.டி.எஸ். கம்பெனியின் பாட் இருக்கும். முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருந்தால் அது சி.டி.எஸ்.ஸின் அடையாளம். அதை அடுத்து வருடம், வாரம். 1379802 என்றால் 1998-ன் இரண்டாவது வாரம். மேலே சொன்ன பிப்ரவரி 20 கிட்டாருக்குள் இந்தப் பாட் இருந்தால் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே கிட்டாருக்குள் 2003-ல் செய்த பாட் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். சீரியல் நம்பரையும் பாட் தேதியையும் சேர்த்துப் பொய் சொல்ல இதுவரை அதிகம் பேர் மெனக்கெட்டதில்லை.

சர்க்யூட் போர்டு இருந்தால் போலி என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்பாதீர்கள். 2008 வாக்கிலிருந்து சில வருடங்கள் கிப்சனே லெஸ் பால்களில் சர்க்யூட் போர்டு வைத்தது, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் வயர்களைச் செருகி எடுக்கிற மாதிரி. 2019-ல் வந்த ஸ்டாண்டர்டு 50ஸ், 60ஸ் மாடல்களில் திரும்பவும் கையால் ஈயம் வைத்த வயரிங், ஆரஞ்சு நிறக் கெபாசிட்டரோடு. ஆக, கிட்டார் எந்த வருடம் என்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிக்கப்பை மாற்றும் ஸ்விட்ச்சின் பின்னால் உள்ள சின்ன வட்ட மூடியையும் கழற்றுங்கள். அசலில் உள்ளது உலோகச் சட்டம் போட்ட ஸ்விட்ச். அதன் தகடுகள் திறந்தபடி தெரியும். மூடிய பிளாஸ்டிக் பெட்டி மாதிரி இருந்தால் அது மலிவு ரகம். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மரமும் தெரியும். உடல் பல துண்டுகளை ஒட்டிச் செய்ததாக இருந்து, வெளியே முதுகில் மட்டும் ஒரே கட்டை போல இழை ஓடினால் மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிக்கப் அடியில் உள்ள ஸ்டிக்கரை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பல கிப்சன் பிக்கப்களில் 2,737,842 என்று ஒரு பேட்டன்ட் எண் இருக்கும். அது பிக்கப்பின் பேட்டன்ட்டே கிடையாது, இந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த லெஸ் பால் என்ற கலைஞர், ஸ்ட்ரிங்கின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கு வாங்கிய பேட்டன்ட்! சேத் லவர் கண்டுபிடித்த ஹம்பக்கர் என்ற பிக்கப்பின் எண் 2,896,491. அசல் கம்பெனியே மாற்றிப் போட்ட எண்ணைப் போலிக்காரர்கள் பயபக்தியோடு காப்பியடிக்கிறார்கள். ஸ்டிக்கரை அச்சடிப்பது யாருக்கும் பெரிய வேலை இல்லை; அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பிரிட்ஜ், ஃபிரெட், மரம்

வழக்கமான அமெரிக்க லெஸ் பாலில் பிரிட்ஜைத் தாங்கும் தண்டு மெலிதானது. உயரத்தைக் கூட்டிக் குறைக்க விரலால் சுழற்றும் வட்டத் தட்டு இருக்கும். போலியில் தடித்த தண்டு, அதன் தலையில் ஸ்க்ரூடிரைவர் போடுகிற பெரிய வெட்டு. தூரத்திலிருந்தே தெரிகிற வித்தியாசம் இது. விளம்பரப் படத்தைப் பெரிதாக்கினாலே பல நேரம் போதும். பிரிட்ஜை மாற்றியிருக்கிறேன் என்பார்கள். பிரிட்ஜை மாற்றுகிறவர்கள் உண்டு, உடலில் துளையைப் பெரிதாக்கி மலிவான தண்டைப் போடுகிறவர்கள் யாரும் இல்லை.

கழுத்தின் ஓரத்தில் ஒட்டிய வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். பழைய அசல்களில் ஃபிரெட் முனையில் அந்தப் பட்டையே சின்னதாக மேலெழும்பி ஃபிரெட்டை மூடியிருக்கும். போலியில் ஃபிரெட் பட்டையின் மேலே ஏறிப் போகும். 2014 வாக்கில் கிப்சனும் பல மாடல்களில் அந்த முறையைக் கைவிட்டது. ஃபிரெட்டுகளை மாற்றிய பழைய கிட்டாரிலும் அது போயிருக்கும். எனவே 1998 கிட்டார், ஃபிரெட் வேலையே நடக்கவில்லை என்று சொல்லும்போதுதான் இது உதவும்.

உடலின் வெட்டுப் பகுதியில், அதாவது மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை போகும் வளைவில், பட்டை அதே மெல்லிய அகலத்தில் ஓட, அதன் கீழே மேப்பிள் மரம் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். போலிகளில் பட்டை அங்கே தடித்து அதை மறைத்துவிடும், ஏனென்றால் காட்டுவதற்கு அடியில் மேப்பிள் இல்லை. மேலே தெரிகிற வரிகள் காகிதம் போன்ற தகட்டில் உள்ளவை, சிலவற்றில் அச்சடித்த படமே. கிட்டாரை வெயிலில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மரமாக இருந்தால் வரிகள் இருண்டும் ஒளிர்ந்தும் நகரும், அச்சு அசையாது.

விரல் அழுத்தும் பலகையான ஃபிரெட்போர்டு நம் ஊர்ச் சம்பந்தம் உள்ளது. கிப்சனில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், கூடலூர்ப் பக்கம் ஈட்டி என்று சொல்கிற அதே மரம். இந்தியாவிலிருந்து போன மரத்துண்டுகளை வைத்துத்தான் 2011-ல் அமெரிக்க அரசு கிப்சன் ஆலையில் சோதனை போட்டது. 2012-ல் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டி விஷயத்தை முடித்தார்கள். அந்த வருடக் கிட்டார்கள் சிலவற்றில் ரோஸ்வுட்டை இரண்டு அடுக்காக ஒட்டியும், சுட்டுக் கறுத்த மேப்பிளைப் போட்டும் சமாளித்தார்கள். 2012 லெஸ் பாலில் ஃபிரெட்போர்டு ஓரத்தில் ஓர் ஒட்டுக்கோடு தெரிந்தால் பதறாதீர்கள். போலிகளில் ஏதோ வெளிறிய மரத்துக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள். வெள்ளைத் துணியை லேசாக நனைத்து ஒரு மூலையில் துடைத்தால் பழுப்பு ஒட்டிக்கொண்டு வரும்.

எடையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கனமாக இருந்தால் அசல், லேசாக இருந்தால் போலி என்பது சரியில்லை. கிப்சனே 1980-களில் உடலுக்குள் துளை போட ஆரம்பித்தது, 2006 வாக்கில் பெரிய அறைகளாகவே குடைந்தது. மூன்றரைக் கிலோவில் அசலும் உண்டு, ஐந்து கிலோவில் போலியும் உண்டு.

ஃபெண்டர் என்றால்

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கதை வேறு. முழுப் போலியைவிட அங்கே அதிகம் நடப்பது பெயர் மாற்றம்: ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரை வாங்கி, பெயரைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் ஸ்டிக்கரை ஒட்டுவது. ஹெட்ஸ்டாக்கில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சுரண்டிய இடம் மங்கலாகத் தெரியும். உடலின் கனத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஸ்ட்ராட் சுமார் 44 மில்லிமீட்டர். ஸ்குவையர் அஃபினிட்டி வகைகள் அதைவிட மெல்லியவை. பின்னால் ஸ்பிரிங் மூடியைக் கழற்றினால் சுருதியை வளைக்கும் ட்ரெமலோவின் உலோகக் கட்டை தெரியும். நல்ல ஃபெண்டரில் தடித்த எஃகு, மலிவானதில் பாதிக் கனத்தில் ஒல்லியாக இருக்கும்.

இன்னொரு தந்திரம், மெக்சிகோ கிட்டாரை அமெரிக்கக் கிட்டார் என்று விற்பது. இரண்டுமே அசல் ஃபெண்டர்தான், விலைதான் பாதிக்குப் பாதி. எண் எம்.எக்ஸ்., எம்.இசட்., எம்.என். என்று தொடங்கினால் மெக்சிகோ. எண்ணை ஃபெண்டர் வலைத்தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஃபெண்டரில் ஒரு வசதி, கழுத்து ஸ்க்ரூ போட்டு மாட்டியது. விற்பவர் சம்மதித்தால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி நாலு ஸ்க்ரூவைக் கழற்றிவிடலாம். கழுத்தின் அடிப்பாகத்திலும் உடல் குழியிலும் பல சமயம் தேதியோ முத்திரையோ இருக்கும். இரண்டுக்கும் பத்து வருட வித்தியாசம் என்றால் இரண்டு கிட்டாரைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

பணம் கொடுக்கும்போது

பகலில் போங்கள். சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், டேப், கேபிள், போன் டார்ச் போதும். மூடிகளைக் கழற்றுவதை விற்பவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஸ்க்ரூ நழுவி பூச்சில் கீறல் விழுந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். போலி என்று தெரிந்தால் அங்கே சத்தம் போடுவதில் அர்த்தமில்லை. எதிரில் இருப்பவரும் ஏமாந்து வாங்கியவராகவே இருக்கலாம், நிறைய நேரம் அப்படித்தான். என்ன பார்த்தீர்கள் என்பதைக் காட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள், தெரிந்தே அதை இன்னொருவர் தலையில் கட்டப் பார்க்காதீர்கள். 1999-ன் வணிகக் குறிச் சட்டப்படி பொய்யான பிராண்டு போட்ட பொருளை விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, இன்ன கிட்டார் என்று சொல்லாமல், மரமும் கம்பியுமாக என்ன பெறுமோ அந்த விலைக்குக் கொடுப்பதில் தப்பில்லை.

எல்லாம் சரியாக இருந்து வாங்குவதாக முடிவு செய்தால், ஒரு தாளில் மாடல், சீரியல் நம்பர், தேதி, தொகை எழுதி, 'அசல் கிப்சன் என்று உறுதி கூறி விற்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து கேளுங்கள். சந்தேகமில்லாதவர்கள் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார்கள். பணத்தை ரொக்கமாகத் தராமல் யு.பி.ஐ.யில் அனுப்புங்கள், குறிப்பு எழுதும் இடத்தில் அதே சீரியல் நம்பரைப் போட்டுவிடுங்கள்.